ரப்பர் விளையில் கிடைத்த கருந்தேள்: பெட்டி எப்படி அமைப்பது?

விளைக்காரன் (குலசேகரம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில். நேற்று விளையில் பழைய ரப்பர் மரங்களை முறித்துவிட்டு மறுநடவுக்காக ஜேசிபி வைத்து மூடு (அடிமரம்) தோண்டிக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டைப் புரட்டியதும் அடிமண்ணிலிருந்து பெரிய கருந்தேள் ஒன்று வெளியே வந்தது. கூட நின்றவர் மம்பட்டியை ஓங்கிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்த் தடுத்து, காலி பெயின்ட் வாளியைச் சரித்து வைத்து, கம்பால் பைய உள்ளே தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நிறம் நல்ல கறுப்பு. வெயிலில் பார்த்தால் கருநீலமும் பச்சையும் கலந்த மாதிரி மினுங்குகிறது. கொடுக்கு இரண்டும் நண்டுக்கு இருப்பது போலத் தடிமன், அதில் பொரிப்பொரியாக இருக்கிறது. வாலோடு சேர்த்து ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் 12 சென்டிமீட்டர் வரும். வயிற்றின் இரண்டு பக்கமும் உப்பி, கறுப்புத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகத் தோல் தெரிகிறது. சினையாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

இப்போது வாளியில் கொஞ்சம் விளை மண்ணும் சருகும் போட்டு, மூடியில் ஆணியால் துளை குத்தி வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து ஒரே மூலையில் ஒடுங்கி இருக்கிறது. இரண்டு வெட்டுக்கிளி போட்டேன், தொடவில்லை.

இதைக் கொஞ்ச காலமாவது வளர்க்க ஆசை. என்ன அளவில் பெட்டி வேண்டும், எந்த மண் போட வேண்டும், பல்ப் போட்டுச் சூடு கொடுக்க வேண்டுமா? வெளிநாட்டு வீடியோ எல்லாவற்றிலும் சூடு விரிப்பு, விளக்கு என்று காட்டுகிறார்கள், அதெல்லாம் நம்ம ஊருக்குத் தேவையா என்று தெரியவில்லை. வீட்டில் ஆறு வயதில் மகள் இருக்கிறாள். அம்மா நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. தேள் குட்டி போட்டால் குட்டிகள் தாயின் முதுகைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும், அதைப் பார்ப்பதே பாவம் என்கிறார்கள். அது உண்மையா?


தும்புக்கட்டி (தக்கலை)

முதலில் அந்த மம்பட்டியைத் தடுத்ததற்கு நன்றி. நான் ஒன்பது வருடமாகக் கருந்தேள் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் நம்ம மலையோரக் கருந்தேள்தான், நட்டுவாக்காலி என்றும் சொல்வார்கள். முன்பு இந்தக் கூட்டம் முழுவதையும் ஹெட்டரோமெட்ரஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், 2020இல் அதைப் பிரித்துப் பல பேரினங்களாக்கிவிட்டார்கள். அதனால் பழைய பெயரில் தேடினாலும் வளர்ப்புக் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். கொடுக்கு தடித்து வால் மெலிந்திருப்பவை பெரும்பாலும் கொடுக்கை நம்பிப் பிழைப்பவை, விஷம் குறைவு. ஆனால் அந்தக் கொடுக்கால் விரலைப் பிடித்தால் சும்மா விடாது, ரத்தம் வரும்.

இப்போது பெட்டி. கண்ணாடித் தொட்டிதான் நல்லது. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். இதைவிடப் பெரிதாக வைத்தால் தேளுக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் அது எங்கே கிடக்கிறது, இரை தின்றதா என்று தெரியாமல் போகும். மீன் தொட்டி விற்கும் கடையில் பழைய தொட்டி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் கசிகிற தொட்டியாக இருந்தாலும் நமக்குப் பரவாயில்லை.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சுத்தமான கண்ணாடியில் தேளால் ஏற முடியாது. ஆனால் நான்கு மூலையிலும் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் பசை இருக்கும், அதைப் பிடித்து ஏறிவிடும். எனக்கு முதல் வருடமே இந்தப் பாடம் கிடைத்தது. மூடியை அன்று சும்மா மேலே வைத்திருந்தேன், காலையில் பார்த்தால் பெட்டி காலி. மூன்று நாள் கழித்து அடுக்களையில் சாக்குக்கு அடியில் ஈரமான இடத்தில் இருந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் காலைக் கீழே வைக்கவில்லை. ஆகவே மூடி நன்றாகப் பொருந்தி, இரண்டு பக்கமும் கொக்கி இருக்க வேண்டும். வலை போடுவதானால் நெருக்கமான ஸ்டீல் வலை, பிளாஸ்டிக் வலை வேண்டாம். மகள் இருக்கிறாள் என்கிறீர்கள், சின்னப் பூட்டு ஒன்றும் போட்டுவிடுங்கள்.

காற்று மேலிருந்து மட்டும் வந்தால் போதாது. தொட்டியின் ஒரு பக்கம் மண் மட்டத்துக்கு மேலே வரிசையாகத் துளைகள், எதிர்ப்பக்கம் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு வரிசை, இப்படி இருந்தால் காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். கண்ணாடியில் துளை போட முடியாதவர்கள் தடித்த பிளாஸ்டிக் பெட்டி எடுத்து, கம்பியைச் சுட்டுத் துளை போடலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஈரமும் வேண்டும், காற்றும் ஓட வேண்டும். காற்று ஓடாத ஈரத்தில் பூஞ்சையும் வெள்ளை உண்ணிப் பூச்சியும் வந்துவிடும்.

அடுத்தது மண், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இந்தத் தேளுக்கு வீடு என்பது பெட்டி அல்ல, வளைதான். காட்டில் அது வருடத்தில் பெரும்பகுதி வளைக்குள்தான் இருக்கும், இரவில் வளை வாசலில் வந்து கொடுக்கை விரித்துக் காத்திருக்கும். வளை தோண்ட மண் இல்லாத பெட்டியில் அது வாழ்கிறது என்று சொல்லக்கூடாது, சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது ஆறு அங்குலம் மண் வேண்டும், எட்டு அங்குலம் இருந்தால் இன்னும் கொள்ளாம்.

தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, களிப்பு உள்ள செம்மண் ஒரு பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். வெறும் நார்த்தூள் மட்டும் போட்டால் வளை இடிந்து விழும், செம்மண்தான் அதைப் பிடித்து நிறுத்தும். தும்பு ஆலையில் இருந்து நார்த்தூள் எடுத்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழியுங்கள், காயலில் அழுகப்போட்ட தேங்காய்த் தொண்டாக (மட்டையாக) இருந்தால் உப்பு இருக்கும். மண்ணை உங்கள் ரப்பர் விளையிலிருந்து எடுக்கவே வேண்டாம். துரிசும் (மயில்துத்தம்) களைக்கொல்லியும் எத்தனை வருடம் விழுந்த மண் அது என்று உங்களுக்கே தெரியும். வீட்டுப் பக்கம் மருந்து அடிக்காத பலா மூட்டிலிருந்தோ அயினி மூட்டிலிருந்தோ எடுங்கள். சருகும் அங்கிருந்தே எடுத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் காயவைத்துப் போடுங்கள்.

ஈரம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மண்ணைக் கை நிறைய எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி உருண்டு நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. அந்தப் பதத்தில் தொட்டியில் போட்டுக் கையால் அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் சரிவாக இருக்கட்டும். உயரமான பக்கம் பாதிச் சிரட்டையை, ஒரு ஓரம் உடைத்து வாசல் வைத்து, கவிழ்த்து வையுங்கள். அதற்கு அடியில் பெருவிரல் தடிமன் கம்பால் கண்ணாடியை ஒட்டிச் சரிவாக ஒரு துளை குத்திவிடுங்கள், மீதியை அது தோண்டிக்கொள்ளும். கண்ணாடி ஓரமாக வளை அமைந்தால் உள்ளே நடப்பதை நீங்கள் பார்க்கலாம். வெளியே அந்த இடத்தில் மட்டும் கறுப்புத் தாள் ஒட்டி வைத்து, பார்க்க வேண்டும்போது தூக்கிப் பாருங்கள்.

மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. மேல்மண் சொதசொதவென்று இருக்கும், அடிமண் வறண்டு கிடக்கும். மண் நிரப்பும்போதே ஒரு மூலையில் அரை அங்குலப் பிவிசி குழாய்த் துண்டை அடிவரை நட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அதன் வழியாக அரைத் தம்ளர் தண்ணீர். அடியில் ஈரம், மேலே உலர்வு. நடுவில் தனக்கு எந்த ஆழம் சரி என்று தேளே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

சூடு வேண்டவே வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் எம்பரர் தேளைக் குளிர்நாட்டில் வளர்ப்பவர்களுக்கு அந்த விரிப்பு தேவை. நமக்கு மார்கழி இரவில்கூட வீட்டுக்குள் 22 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பயப்பட வேண்டியது சித்திரை வெயிலுக்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், தரைத்தளத்தில் வெயில் படாத சுவர் ஓரம் வையுங்கள்.

தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடியில் கூழாங்கல் போட்டு வைத்தால் போதும். இரவில் டார்ச்சோடு காத்திருந்தால் அது வாயைத் தண்ணீரில் பதித்துக் குடிப்பதைப் பார்க்கலாம், நெடுநேரம் அசையாமல் குடிக்கும்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். அது தப்பு, ஆனால் ஏன் அப்படி நம்புகிறார்கள் என்பது புரிகிறது. தேள் முட்டையிடாது, குட்டிதான் போடும். குட்டிகள் வயிற்றின் அடியில் உள்ள வழியாக ஒன்றொன்றாக வெளியே வந்து, தாயின் காலைப் பிடித்து முதுகில் ஏறிக்கொள்ளும். முதல் தோல் உரிக்கும்வரை அங்கேதான் இருக்கும். முதுகு நிறையக் குட்டியோடு பார்த்தவர்கள் முதுகைக் கிழித்து வந்ததாக நினைத்திருப்பார்கள். தாய் சாகாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், ஒருவேளை பேசுவார்கள்.

வயிறு உப்பலை வைத்துச் சினை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நன்றாகத் தின்ற தேளுக்கும் அப்படி இருக்கும். புரட்டிப் பார்க்காதீர்கள். பெட்டி அமைத்துவிட்டுப் பத்து நாள் விட்டுவிடுங்கள். இரை எடுக்காததற்குக் கவலையே வேண்டாம், இவை மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். அந்த வெட்டுக்கிளியை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.


ஆரல் காற்று (ஆரல்வாய்மொழி)

தும்புக்கட்டி அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் செவிலியர், அவசரப் பிரிவில் நிறைய வருடம் வேலை பார்த்தவள். இதைப் படித்துவிட்டு யாராவது நாமும் ஒன்று பிடித்து வளர்ப்போம் என்று கிளம்பினால் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

குலசேகரம் பக்கம் ஈரக்காடு, அங்கே கருந்தேள். எங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றும் பாறையும் வறண்ட மண்ணும். கல்லுக்கு அடியிலும் செங்கல் அடுக்கிலும் ஓலைக்குள்ளும் கிடப்பது செந்தேள். அளவில் சின்னது, செம்பழுப்பாகவோ வெளிறிய ஆரஞ்சாகவோ இருக்கும், கொடுக்கு மெல்லியது, வால் தடித்தது. ஹொட்டன்டோட்டா டாமுலஸ் என்பது அதன் பெயர். உலகத்திலேயே ஆபத்தான தேள்களில் ஒன்று, இந்தியாவில் தேள் கடித்துச் சாகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான். கருந்தேளைப் பார்த்துப் பயப்படுகிற நாம் செந்தேளைச் சின்னதுதானே என்று செருப்பால் தட்டிவிட்டுப் போகிறோம்.

அது கொட்டினால் வலியோடு நிற்காது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றின மாதிரி வியர்க்கும், வாந்தி வரும், கை கால் சில்லிட்டுப் போகும், பிறகு இதயமும் நுரையீரலும் பாதிக்கப்படும். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக நடக்கும். மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் மகாட் என்ற சின்ன ஊரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை இதற்கு உயிர் காக்கும் என்று 1980களில் கண்டறிந்து எழுதினார். அதற்கு முன்னால் அந்த மாதிரி மோசமாகப் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் வரை இறந்திருக்கிறார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிராமத்தில் இருந்துகொண்டு கையில் இருந்த மாத்திரையை வைத்து அத்தனை பேரைக் காப்பாற்றிய மனிதர், அவரைப் பற்றிச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வேன்.

ஆகவே எந்தத் தேள் கொட்டினாலும் கட்டுப் போடுவது, பிளேடால் கீறுவது, வெங்காயம் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். கொட்டிய தேளின் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. வியர்வையும் வாந்தியும் ஆரம்பித்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதைவிடப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

செந்தேளை யாரும் வீட்டில் வளர்க்க வேண்டாம். இதில் அனுபவம், பயிற்சி என்றெல்லாம் பேச இடமே இல்லை.

விளைக்காரன் அண்ணன், மகளுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள், பெட்டியைப் பார்க்கலாம், தொடக்கூடாது என்று. பெட்டி அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலும், இழுத்தால் கவிழாத பலகையில் இருக்க வேண்டும்.


குழித்துறைப் பையன்

நான் காலேஜ் படிக்கிறேன். என் தப்பைச் சொல்கிறேன், அண்ணனுக்கு உதவும்.

போன வருடம் ஒரு நண்பர் கொடுத்த கருந்தேளை என் அறையில் வைத்திருந்தேன். பெட்டி, மண், வளை எல்லாம் சரியாகவே செய்தேன். நாலு மாதம் நன்றாக இருந்தது. மழை தொடங்கியதும் கொசு தாங்கவில்லை, மின்சாரத்தில் செருகும் கொசு மருந்தை வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த பிளக்கில் போட்டுவிட்டுப் படுத்தேன். தொடர்ந்து ஐந்தாறு நாள். அப்புறம் ஒரு ராத்திரி அது வளையை விட்டு வெளியே வந்து, வால் நிலத்தில் இழுபட, கால்கள் ஒன்றோடொன்று சேராமல் நடுங்கி நடுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் வைத்தேன், மண்ணை மாற்றினேன், மறுநாள் காலையில் செத்துவிட்டது. பிறகுதான் அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று படித்தேன், ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின். கொசுவின் நரம்பைத் தாக்குவது தேளின் நரம்பையும் தாக்கத்தான் செய்யும், இரண்டும் கணுக்காலிகள். எவ்வளவு எளிதாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் அந்த அறையில் கொசுவத்தி, செருகும் மருந்து, கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ் எதுவுமே வேண்டாம். நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கையோடும் பெட்டிக்குள் எதையும் தொடாதீர்கள். கொசுவலை கட்டிப் படுங்கள்.

எறும்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் ஆச்சி பலகார அலமாரிக்குச் செய்வதைத்தான் நான் இப்போது செய்கிறேன். மேசையின் நாலு காலும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிற்கின்றன. பெட்டி சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. இதை அலட்சியமாக நினைக்க வேண்டாம், தோல் உரித்து மெத்தென்று கிடக்கும் தேளை எறும்புக் கூட்டம் ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

இரைக்கு வாழைத் தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், வாழைக்குக் குருணை மருந்து போடுவார்கள். குருவிக் கடைகளில் மீல்வார்ம் என்ற புழு கிடைக்கும், அது மண்ணுக்குள் புகுந்துவிடும், தலையை நசுக்கிப் போட வேண்டும். சுவர்க்கோழியும் கரப்பானும் நீங்களே ஒரு டப்பாவில் பெருக்குவதுதான் நிம்மதி.


மலையோரம் (கீரிப்பாறை)

நான் இதற்கு நேர் எதிராகச் சொல்லப் போகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றினீர்கள், சரி. ஆனால் அதைப் பெட்டியில் வைப்பது காப்பாற்றுவதா? நம்ம மாவட்டத்தில் ரப்பர் விளைகளில் மறுநடவுக்கு ஒரு தடவை ஜேசிபி இறங்கினால் எத்தனை வளை போகிறது என்று நாம் யாரும் எண்ணுவதில்லை. இதில் மிஞ்சுகிறவற்றையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் விளையில் என்ன மிஞ்சும்? பெண் தேளாக, அதுவும் சினையாக இருந்தால் அது ஒன்று போவது இருபது போவது போல.

இன்னொன்று, நமக்கு மேலே இருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அதற்குள்ளிருந்தும் காப்புக்காட்டிலிருந்தும் ஒரு தேளையும் எடுக்கக் கூடாது, சரணாலயத்துக்குள் எடுத்தால் அது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சொந்த விளையில் கிடைத்ததானாலும் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு எம்பரர் தேள் வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன், அது சைட்டிஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பேப்பர் இல்லாமல் கையில் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.


தும்புக்கட்டி (தக்கலை)

மலையோரம் சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். என்னிடம் இருப்பவை எல்லாம் என் வீட்டிலேயே பிறந்தவை, காட்டில் போய் நான் எடுத்ததில்லை. ஆனால் இது வளை இடிந்துபோன தேள். அந்த இடத்தில் இப்போது குழி. நாளைக்கே கொண்டுபோய் விட்டால் ஜேசிபி திரும்ப வரும்போது என்ன ஆகும்? மறுநடவு முடியும்வரை வைத்திருந்துவிட்டு, அதே விளையில் தோண்டாத ஓரத்தில் விடலாம் என்பது என் கருத்து. வேறு மலையில், வேறு காட்டில் கொண்டுபோய் விடுவதுதான் தப்பு. விளைக்காரன், உங்கள் நிலத்தில் அப்படித் தோண்டாத இடம் ஏதாவது இருக்கிறதா?


விளைக்காரன் (குலசேகரம்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கிறேன். இடம் இருக்கிறது அண்ணன். கீழே ஓடை ஓரமாகப் பத்து சென்ட் போல, பாறையும் பழைய அயினி மரம் இரண்டும் நிற்கிற இடம். அப்பா காலத்திலிருந்தே அங்கே யாரும் மம்பட்டி வைத்ததில்லை, ரப்பரும் போட்டதில்லை, மருந்தும் அடித்ததில்லை. மறுநடவு முடிந்ததும் அங்கேயே விடுகிறேன்.

பெட்டி நேற்று முடித்தேன். பழைய மீன் தொட்டி, ஏழு அங்குலம் மண், ஓடை ஓரச் சருகு, சிரட்டை வாசல், பிவிசி குழாய். கொசு மருந்தை அந்த அறையிலிருந்து எடுத்தாயிற்று, மேசைக் காலுக்குக் கிண்ணமும் வைத்தாயிற்று. கைபடாமல் எப்படி மாற்றுவது என்றுதான் திணறினேன், கடைசியில் ஒரு பெரிய தம்ளரைப் படுக்க வைத்து, பெயின்ட் பிரஷால் வால் பக்கம் லேசாகத் தொட்டேன், தானே நடந்து தம்ளருக்குள் போய்விட்டது. பெட்டியில் விட்டதும் ஐந்து நிமிஷம் அசையவில்லை. அப்புறம் அடியில் சீப்பு மாதிரி இருப்பதை மண்ணில் தடவித் தடவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே சிரட்டைக்குள் போனது. ராத்திரி பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தால் வாசலுக்கு வெளியே புது மண் குவிந்து கிடக்கிறது. கொடுக்கால் மண்ணை வாரிப் பின்னால் நடந்து வந்து கொட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊதா விளக்கு (யுவி டார்ச்) அடித்தால் பச்சையாக ஒளிரும் என்கிறார்களே, அது தேளுக்குக் கெடுதலா?


தும்புக்கட்டி (தக்கலை)

அந்தச் சீப்புதான் அதற்குத் தரையை அறியும் உறுப்பு. தடவிப் பார்த்துவிட்டு வளைக்குள் போயிருக்கிறது, அதுவே நல்ல செய்தி.

ஊதா விளக்கில் ஏறக்குறைய எல்லாத் தேளும் நீலப்பச்சையாக ஒளிரும், மேல்தோலில் உள்ள பொருளால் அது. தோல் உரித்த உடனே மட்டும் ஒளிராது, தோல் இறுகியபிறகுதான் வரும். தேள் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஐந்து பத்து நொடி அடியுங்கள், போதும். வேடிக்கைக்காக நெடுநேரம் அடித்தால் அது ஒளிந்துகொள்ளப் பார்க்கும், தொந்தரவுதான். பெட்டியிலிருந்து தேள் தப்பித்த அன்று வீடு முழுக்க விளக்கை அணைத்துவிட்டுத் தேட இந்த விளக்கு உதவும், அதற்காகவே ஒன்று வாங்கி வையுங்கள்.


விளைக்காரன் (குலசேகரம்)

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வனச்சரக அலுவலகத்தில் எல்லாம் சொல்லி, கேட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு கரப்பானைப் பிடித்துத் தின்றது. அப்புறம் மூன்றாவது வாரம் வளை வாசலை உள்ளேயிருந்து மண்ணால் அடைத்துவிட்டது. இரை போட்டாலும் வரவில்லை. செத்துவிட்டதோ என்று பயந்து போனேன், ஆனாலும் நீங்கள் சொன்னபடி தோண்டவில்லை. முந்தாநாள் ராத்திரி கறுப்புத் தாளைத் தூக்கிச் சிவப்பு டார்ச் வைத்துப் பார்த்தேன். முதுகு முழுக்கக் குட்டி. பச்சரிசியை அள்ளி முதுகில் ஒட்ட வைத்த மாதிரி, அத்தனை வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் கண் இரண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது. எண்ணிப் பார்த்ததில் 17, மறுபக்கம் இன்னும் இருக்கலாம். ஒரு குட்டி நழுவி மண்ணில் விழுந்தது, தாய் கொடுக்கைத் தரையோடு தாழ்த்தி வைத்தது, குட்டி அதைப் பிடித்து ஏறி மறுபடி முதுகுக்குப் போய்விட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாய் உயிரோடுதானே இருக்கு என்று கேட்டார்கள். நேற்றுக் காலையில் தானாகவே வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

இனி என்ன செய்ய வேண்டும்?


தும்புக்கட்டி (தக்கலை)

மனசு நிறைந்துவிட்டது. அம்மாவிடம் என் வணக்கம் சொல்லுங்கள்.

இப்போது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் வேலை. பெட்டியை நகர்த்தாதீர்கள், வெளிச்சம் வேண்டாம், உயிரோடு இரை எதையும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். பயந்துபோன தாய் சில சமயம் குட்டிகளையே தின்றுவிடும், நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் நான் ஆர்வத்தில் அடிக்கடி மூடியைத் திறந்ததால் நடந்தது. குழாய் வழியாகத் தண்ணீர் மட்டும் தவறாமல் கொடுங்கள், முதல் தோல் உரிக்கும்போது ஈரம் குறைந்தால் குட்டி பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

முதல் தோல் உரித்ததும் நிறம் மங்கி, பிறகு கருக்கத் தொடங்கும், ஒன்றிரண்டாகக் கீழே இறங்கிப் போய்த் திரும்ப ஏறும். முதுகை விட்டு மொத்தமாக இறங்கியபிறகுதான் பிரிக்க வேண்டும். நீங்கள் வளர்க்க நினைப்பது மூன்றோ நாலோ போதும், தனித்தனி டப்பாவில், இரண்டு அங்குலம் அதே மண், ஒரு துண்டு சிரட்டை ஓடு. ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தின்னும். இரை அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, சின்னச் சுவர்க்கோழிக் குஞ்சு கிடைக்காவிட்டால் மீல்வார்மை வெட்டி ஒரு துண்டு வைத்தாலும் வந்து தின்னும், மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மற்றக் குட்டிகளையும் தாயையும் உங்கள் ஓடை ஓரத்தில் விடுங்கள், மழை விட்ட ஒரு சாயங்காலம், அயினி மூட்டில் சருகு தடித்துக் கிடக்கிற இடமாகப் பார்த்து.


மலையோரம் (கீரிப்பாறை)

தாயையும் குட்டிகளையும் விடும்போது அந்தப் பாறை அடியில் முதலிலேயே இரண்டு மூன்று இடத்தில் கம்பால் சரிவாகத் துளை குத்தி வையுங்கள் அண்ணன். எறும்புப் புற்று பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து சென்டை எப்போதும் தோண்டாமல் விட்டுவிடுங்கள்.


விளைக்காரன் (குலசேகரம்)

அதைத் தோண்ட மாட்டேன், அது என் வார்த்தை. குட்டிகள் இன்னும் முதுகில்தான். நேற்று ஊசியைச் சுட வைத்து நாலு டப்பா மூடியிலும் துளை போட்டேன், மகள் ஒவ்வொன்றாகக் கழுவித் திண்ணையில் காய வைத்திருக்கிறாள்.